ஹாலோவீனுக்கு எந்த பிராக்: ஈஸ்டா, டீயா?

அயர்லாந்தில் ஹாலோவீன் நெருங்கினாலே சூப்பர்மார்க்கெட்டின் ரொட்டி அலமாரியில் மோதிரம் வைத்த பார்ம்பிராக், சுருக்கமாக பிராக், என்ற உலர்பழ ரொட்டி வந்து குவிந்துவிடும். வாங்கிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. இல்லை, வீட்டில்தான் சுடுவேன் என்பவருக்கு இரண்டு வழி: ஈஸ்ட் போட்டு மாவைப் பொங்கவைக்கும் பழைய முறை, உலர்பழங்களை டீயில் ஊறவைத்து, செல்ஃப் ரெய்சிங் மாவில் (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) கலந்து சுடும் டீ பிராக். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் டீ பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ருசியில் ஈஸ்ட் பிராக்கைக் குறை சொல்ல முடியாது. சுட்ட சூட்டோடு சர்க்கரைப் பாகு தடவினால் மேல்தோல் பளபளக்கும். பிய்த்தால் நல்ல பன் மாதிரி இழை இழையாக வரும். டீ பிராக்கில் அது கிடைக்காது. அது கேக்குக்குப் பக்கத்து வீடு. ஆனால் வெண்ணெய், முட்டை, சர்க்கரை, பட்டை என்று ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும் சரக்கெல்லாம் ஈஸ்ட் பிராக் மாவில்தான் இருக்கிறது. டப்ளின் சமையலறையின் அக்டோபர் குளிரும் சேர்ந்துகொண்டால் மாவு பொங்கி முடிய அரை நாள் போய்விடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைச் சொன்னது, எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். அயர்லாந்தில் அக்டோபரின் கடைசித் திங்கள் பொது விடுமுறை. நிதானமாக ஓவனைப் பற்றவைக்க அந்த வார இறுதிதான் தோது. ஹாலோவீனோ 31ஆம் தேதி. உதாரணமாக, 2025இல் அந்தத் திங்கள் 27ஆம் தேதி, ஹாலோவீன் வெள்ளி. அன்றைக்குச் சாயங்காலம் வேஷம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்போது போய் யார் மாவு பிசைவது? ஆக, சுட்ட ரொட்டி நாலு நாள் தாங்க வேண்டும்.

ஈஸ்ட் பிராக் சுட்ட அன்றைக்கு ராஜா. மறுநாளே வறள ஆரம்பிக்கும், மூன்றாம் நாள் டோஸ்ட்தான். வெண்ணெய் தடவிய டோஸ்ட் அருமை, மறுக்கவில்லை. ஆனால் மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து முழு ரொட்டியை அறுக்கும் சங்கதி அதில் இல்லை. ஃப்ரீசரில் வைக்கலாமே என்பீர்கள். துண்டு போட்டு வைத்திருக்கிறேன், பரவாயில்லை. முழுசாக வைத்துப் பழக்கமில்லை.

டீ பிராக் நேர்மாறு. சூட்டோடு அறுத்தால் உதிரும். பட்டர் பேப்பரில் சுற்றி ஒரு டின்னில் போட்டு மூடிவையுங்கள். மறுநாள் முறுகலான மேல்தோல் இளகி, பழத்தின் ஈரம் மாவெல்லாம் பரவியிருக்கும். ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

என் அளவு: சுல்தானா (வெளிர்நிற உலர்திராட்சை), சாதா உலர்திராட்சை இரண்டும் சேர்த்து 350 கிராம். 300 மில்லி கடுந்தேநீர், பால் இல்லாமல். இரவெல்லாம் ஊறட்டும். காலையில் மிச்சத் தேநீரை வடிக்காமல் 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் மிக்ஸ்டு ஸ்பைஸ் (பட்டை, ஜாதிக்காய் போன்றவை கலந்த பொடி) சேர்த்துக் கிளறினால் போதும். வெண்ணெய் மாவுக்குள் கிடையாது; அறுத்த துண்டின்மேல் தாராளமாகத் தடவத்தான். 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், சில ஓவனில் கால் மணி கூடுதல். மேலே துருத்தும் திராட்சை கருகப் பார்க்கும். முக்கால் மணியில் ஃபாயில் போட்டு மூடுங்கள்.

அப்புறம் மோதிரம். அந்தக் காலத்தில் காசு, பட்டாணி, குச்சி, கந்தல் துணி எல்லாம் உள்ளே போகும்: காசு கிடைத்தவருக்குப் பணம், துணி கிடைத்தவருக்கு வறுமை, பட்டாணி வந்தால் அந்த வருஷம் கல்யாணம் இல்லை. இப்போது பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான். கிடைத்தவருக்கு வருஷத்துக்குள் கல்யாணமாம். இதில் இரண்டு பிராக்கும் சமம். டீ பிராக் என்றால் பாதி மாவை சுடும் டின்னில் ஊற்றி, பட்டர் பேப்பரில் சுற்றிய மோதிரத்தை வைத்து, மீதியை ஊற்றுங்கள். பேப்பரைப் பெரிதாகவே சுற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் கவனிக்காமல் விழுங்கிவிடக் கூடாது.