காய்ச்சலோடு கட்டுநாயக்கவுக்கு: ஒரு வான் சேவை பற்றி

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவில் ஓடும் இந்த வான் சேவையைச் சுகமாக இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் தோஹா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்ட அன்று எனக்குக் காய்ச்சலும் தடிமனும் சேர்ந்திருந்ததால், அதன் குறைகள் ஒன்றுவிடாமல் கண்ணில் பட்டன. வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை என்று நீளும் பாதை முழுவதும் ஏசிக் காற்று நேரே நெற்றியில் அடித்தது; காற்றைத் திருப்பும் மூடி உடைந்த இடத்தில் பழைய பற்றுச்சீட்டொன்றை மடித்துச் செருகியிருந்தார்கள். சத்தி எடுக்க ஒரு பை கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்க அக்கா, தம்புள்ளையில நிப்பாட்டுறன்" என்றார் சாரதித் தம்பி. வயிறு தம்புள்ளை வரை பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தில் குறைசொல்ல எதுவுமில்லை: வானை ஓரங்கட்டி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றி, அடுத்த கடையில் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கொள்கலத்தில் திரவம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், பிளாஸ்கில் இருந்த மல்லித்தண்ணீரைச் சோதனைக்கு முன்பே குடித்து முடிக்கும்படி நினைவூட்டியவரும் அவரே. கட்டணம் நியாயமானதுதான், இருக்கைதோறும் ஒரு பை வைப்பதற்கு நிறுவனத்துக்குப் பெரிய செலவு வந்துவிடாது.