ராட் டெரியர் குட்டிக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் நாய் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கும், குறிப்பாக ராட் டெரியர் என்று முடிவே செய்துவிட்டவர்களுக்கும் இந்தப் பதிவு. ஃப்ரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன வருடம் ஒரு குட்டி வந்தது. விற்றவர் அதைப் பற்றிச் சொன்னவற்றில், அது நாய் என்பதைத் தவிர எதுவும் உண்மையில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: அரிய நீல மெர்ல் நிறம். 10 பவுண்டுக்கு மேல் வளராது. அப்பார்ட்மென்ட்டுக்குக்கூட ஏற்றது. குரைக்காது. எட்டு மணி நேரம் தனியாக இருக்கும். பூனை, ஹாம்ஸ்டர் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். தாய், தந்தை இரண்டுக்கும் ஹெல்த் டெஸ்ட் முடிந்தது. பேப்பர் உண்டு. போனில் பேசியபோது விற்ற அந்த அம்மா அவ்வளவு கனிவாகப் பேசினார். தியோடர் ரூஸ்வெல்ட்தான் இந்த வகைக்குப் பெயர் வைத்தவர் என்ற கதையும் வந்தது. அது ரொம்ப நாளாக உலவும் கதை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காசா பணமா. காசு அதற்கு அடுத்த வாக்கியத்தில் வந்தது. மெர்ல் நிறம் என்பதால் மற்றக் குட்டிகளைவிட 600 டாலர் கூடுதல். முன்பணம் ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் சேவை) அனுப்ப வேண்டும், திரும்பக் கிடைக்காது.

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ராட் டெரியர் என்றாலே வெள்ளையோடு கறுப்போ பழுப்போ வேறு நிறமோ திட்டுத் திட்டாகக் கலந்த உடம்புதான். சாம்பல் நிறத்தில் கறுப்பைத் தெளித்தாற்போல் வரும் மெர்ல் இந்த வகையில் கிடையாது. நாய் வகைகளைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இலக்கணப்படி மெர்ல் நிற நாய் கண்காட்சிப் போட்டியிலிருந்தே நீக்கப்படும். அப்படி ஒரு குட்டி பிறந்திருக்கிறது என்றால், முன் தலைமுறையில் எங்கோ வேறு வகை கலந்திருக்கிறது என்று அர்த்தம். பின்னால் நாங்கள் டிஎன்ஏ பார்த்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேலே ராட் டெரியர், மீதி ஆஸ்திரேலியன் ஷெப்பர்டும் சிவாவாவும். கலப்பு நாய் என்பதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஷெல்டரில் இருப்பவை முக்கால்வாசி அப்படித்தான், அவையும் தங்கமான நாய்கள்தான். கலப்பையே "அரிய வகை" என்று சொல்லி 600 டாலர் கூடுதலாகப் பிடுங்குவதைத்தான் சொல்கிறேன்.

இதில் பணத்தைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும். அப்படிப்பட்ட குட்டிகள் பெரும்பாலும் வெளேரென்று பிறக்கும். காது கேட்காமலோ கண் தெரியாமலோ போகும் ஆபத்து அவற்றுக்கு மிக அதிகம். எங்கள் மணிக்கு (பேப்பரில் அவனுக்கு ஒரு முழ நீளப் பெயர், வீட்டில் மணிதான்) காது நன்றாகவே கேட்கிறது. பிஸ்கட் டப்பா மூடி அடுத்த அறையில் திறந்தாலும் கேட்கிறது. ஆனால் அந்த விளம்பரத்தில் தகப்பனும் மெர்ல், தாயும் மெர்ல்.

அடுத்தது ஹெல்த் டெஸ்ட். கொஞ்ச நாளில் மணி ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நொண்டுவான், உதறுவான், மறுபடி சரியாக ஓடுவான். டாக்டர் காலை மடக்கிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், முட்டிச் சில்லு இடம் நழுவுகிறது, சின்ன நாய்களில் பரம்பரையாக வருவது என்று. நாலு கிரேடுகளில் இது இரண்டாவது. மோசமானால் அறுவை சிகிச்சை, அதற்குச் சில ஆயிரம் டாலர். தாய் தந்தையின் டெஸ்ட் ரிசல்ட்டை அனுப்பச் சொல்லி விற்றவரைக் கேட்டேன். வந்தது ஒரு தடுப்பூசிச் சீட்டு. டாக்டர் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதியதைத்தான் அவர் இத்தனை நாள் ஹெல்த் டெஸ்ட் என்று சொல்லி விற்றிருக்கிறார்.

உண்மையான பரிசோதனை வேறு. ஆர்த்தோபெடிக் ஃபவுண்டேஷன் ஃபார் அனிமல்ஸ், சுருக்கமாக ஓ.எஃப்.ஏ, என்ற அமைப்பின் இணையதளத்தில் தாய் நாயின் பதிவுப் பெயரைப் போட்டுத் தேடினால் முட்டி, இடுப்பு, இதயம், கண் என்று சோதித்தவை வரும். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ராட் டெரியருக்கு முக்கியமாகக் கேட்க வேண்டியது இன்னொன்று: கண் லென்ஸ் இடம் பெயரும் நோய். அந்த மரபணு இரு பக்கமும் இருந்தால், நடுவயதில் திடீரென்று லென்ஸ் நழுவி, கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பும் சாதாரண டிஎன்ஏ டெஸ்ட்டிலேயே தெரிந்துவிடும். மணிக்கு எடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. அந்த மட்டில் தப்பித்தான்.

"பேப்பர் உண்டு" என்பதற்கும் அதிகம் மயங்க வேண்டாம். பேப்பர் என்பது வெறும் வம்சாவளிப் பதிவு. யுனைடெட் கென்னல் கிளப் 1999இலும் அமெரிக்கன் கென்னல் கிளப் 2013இலும்தான் இந்த வகையைச் சேர்த்துக்கொண்டன. அவற்றின் சான்றிதழே நாயின் ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் கிடையாது. விற்பவர் சொல்வதை அப்படியே அச்சடித்துக் கொடுக்கும் பதிவு நிறுவனங்களும் இருக்கின்றன. எங்களுக்கு வந்தது அந்த ரகம்.

இப்போது குணம். எனக்குப் பெரிய கோபம் இதில்தான். ஏனென்றால் ராட் டெரியர் அருமையான நாய், அதைப் பற்றி உண்மையைச் சொல்லியே விற்கலாம்.

போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் எலி பிடிக்க வளர்த்த வகை இது. ஃபாக்ஸ் டெரியரில் தொடங்கி, மோப்பத்துக்கு பீகிளையும் ஓட்டத்துக்கு விப்பெட்டையும் சேர்த்தார்கள். மத்திய மேற்கில் முயல் விரட்டும் வேலையும் இதற்குத்தான். பண்ணைகளில் எலி விஷம் வந்த பிறகு வேலை போனது, குணம் போகவில்லை. எங்கள் பின்வாசலில் முயல் நடமாட்டம் அதிகம். ஆறடி மர வேலி இருக்கிறது. மணிக்கு அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, அடியில் தோண்டிவிட்டான். டெக்ஸாஸ் களிமண் கோடையில் பாறை மாதிரி இறுகும், அதையும் தோண்டினான். இப்போது வேலி ஓரம் முழுக்க மண்ணுக்குள் கம்பி வலை புதைத்திருக்கிறோம். மகளின் ஹாம்ஸ்டர் கூண்டுக்கு முன்னால் வால் நுனிகூட அசையாமல் அவன் நின்ற நிலையைப் பார்த்த அன்றே ஹாம்ஸ்டர் சிநேகிதி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கையளவு பிராணி வைத்திருப்பவர்கள் இந்த நாயை வாங்கவே வேண்டாம்.

குரைப்பு? ஜாக் ரஸல் டெரியரோடு ஒப்பிட்டால் ராட் டெரியர் சாது என்பார்கள், அது ஓரளவு நிஜம்தான். வீட்டுக்குள் வந்தால் அடங்கிப் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். ஆனால் காவலுக்கும் பழகிய சாதி. டெலிவரி வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். புது ஆள் வந்தால் ஒட்டாது, ஒதுங்கி நின்று நோட்டம் பார்க்கும்; பழகச் சில நாள் எடுக்கும். தனிமை மட்டும் ஆகவே ஆகாது. நாங்கள் இருவரும் ஆபீஸ் போன நாட்களில் கதவு நிலையை எலும்பாக நினைத்துக் கடித்து வைத்திருந்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஊளையை வீடியோ எடுத்து அனுப்பினார். அம்மா மதுரையிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்தபோதுதான் சரியானான். "ஏண்டா, இதுக்கு உக்காரவே தெரியாதா?" என்று அலுத்துக்கொண்டே காலையும் மாலையும் நடக்க அழைத்துப் போனது அவர்தான். (தயிர்சாதம் கொடுப்பதைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. பாயசத்துத் திராட்சையும் வெங்காயமும் மட்டும் நாய்க்கு விஷம் என்று சொல்லிவைத்தோம், அதைக் கேட்டுக்கொண்டார்.)

தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டம், மூளைக்கு ஏதாவது வேலை, அதட்டாத பயிற்சி. குரல் உயர்ந்தாலே சுருங்கிப்போகும் நாய் இது. இவ்வளவும் கொடுக்க முடியுமென்றால் ராட் டெரியர் உங்களுக்குச் சரி. சராசரியாக 12 முதல் 18 வருடம் வாழும், ஆகவே முடிவும் அத்தனை வருடத்துக்கானது. குளிர் மட்டும் தாங்காது, ஸ்வெட்டர் வேண்டும். எடை 10 பவுண்டிலிருந்து 25 வரை எதுவாகவும் வரலாம். மணி இப்போது 24.

விற்றவரிடம் இதையெல்லாம் சொன்னபோது ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் "பிறவிக் குறை இருந்தால் நாயைத் திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி தரப்படும்" என்று இருக்கிறது. பணம் பற்றிப் பேச்சில்லை. குழந்தைகள் மாதக்கணக்கில் கட்டிப்பிடித்துத் தூங்கிய நாயை யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதும் வரி அது. திருப்பிக் கொடுத்தால் அந்த மெர்ல் நாய் அடுத்த ஈற்றுக்குத் தகப்பனாகும், அவ்வளவுதான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் நோயுள்ள குட்டியை விற்றால் வாங்கியவருக்குப் பணம் கேட்கத் தனிச் சட்டம் இருக்கிறது. டெக்ஸாஸில் இல்லை. இங்கே ஏமாற்று வணிகத்துக்கு எதிரான பொதுச் சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸெல் ரசீது, மெசேஜ், டாக்டர் சீட்டு எல்லாம் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வந்தது: 400 டாலர் திருப்பித் தருகிறோம், இதைப் பற்றி எங்கும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள். போடவில்லை. வழக்கு நடப்பதால் பெயரையும் ஊரையும் இங்கே சொல்லவில்லை, தனியாகவும் கேட்காதீர்கள்.

அடையாளம் மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வரச் சொல்லமாட்டார்கள். வெளியாள் வந்தால் மற்றக் குட்டிகளுக்குப் பார்வோ வைரஸ் வந்துவிடும் என்பார்கள், நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் வைத்துக் குட்டியைக் கைமாற்றுவார்கள். பார்வோ பயம் நியாயமானதுதான், நல்ல பிரீடர்களும் ஆள் வருவதைக் கட்டுப்படுத்துவார்கள். ஆனால் அவர்கள் தாய் குட்டிகளோடு இருப்பதை வீடியோ காலில் காட்டுவார்கள், தாயின் பதிவுப் பெயரைக் கேட்டால் உடனே சொல்வார்கள், பதிலுக்கு உங்களையும் நூறு கேள்வி கேட்பார்கள்: வேலி இருக்கிறதா, பகலில் வீட்டில் யார், ஹாம்ஸ்டர் உண்டா. எங்களை அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான், ஸெல் இருக்கிறதா என்று.