சம்மணம் போட்டு உட்கார்ந்த மாஸ்டர்: 52 வயதில் கார் பழகப் போன டிரைவிங் ஸ்கூல்

திருச்சியில் கார் பழக எங்கே போகலாம் என்று ஆபீஸில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் போன இடத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன்; அதைப் படித்துவிட்டு முதலாளி மாஸ்டரைப் பிடிபிடியென்று பிடித்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

எனக்கு 52 வயது. ஸ்கூட்டிக்கு எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கி இருபது வருஷம் ஆகிறது, ரோடு புதிதில்லை. கார் என்றால்தான் உதறல். வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இருட்டினால் எதிர் வண்டி லைட் கூசுகிறது. வேகன்ஆர் கவர் போட்டபடியே கிடந்து பேட்டரி இறங்கிப் போனது. மெக்கானிக் தம்பி வந்து உயிர் கொடுத்துவிட்டு, "வாரம் ஒருக்காவாச்சும் எடுங்கக்கா" என்றான். யார் எடுப்பது?

பணம் கட்டப் போன அன்று ஸ்கூல் வாசலை ஸ்கூட்டியில் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். மூன்றாவது சுற்றில் ரிசப்ஷன் பெண் வெளியே வந்து, "யாரையாச்சும் தேடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் எப்படித் திரும்பி வருவது.

இருபது வகுப்பு, எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸ், டெஸ்ட் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், ஆனால் கையில் வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அதனால் பத்தே நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்ட் வருவதற்குள் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு வகுப்பு சிமுலேட்டர். திரையில் ஆளே இல்லாத ஏதோ வெளிநாட்டு ரோடு. மாடு இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. தலை சுற்றியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் ஜி கார்னர் மைதானம். வண்டி பழைய மாருதி டீசல் ஸ்விஃப்ட். மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருக்கும், முன்பு பஸ் ஓட்டியவர். என்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார், நான் "அண்ணே". முதல் நாள் ஸ்டியரிங்கை நான் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, "அது ஓடிப் போவாது தங்கச்சி, விடு" என்றார். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. அடுத்த நாளிலிருந்து மடியில் ஒரு கர்ச்சீப்.

இவரிடம் எனக்குப் பிடித்தது, கிளட்ச்சை வாயால் சொல்லிக் கொடுக்காமல் காதால் சொல்லிக் கொடுத்தது. கண்ணாடியை ஏற்றச் சொல்லி, ஏசியை அணைத்து, "இப்பக் கால மெதுவா எடு. சத்தம் மாறும் பாரு" என்பார். நிஜமாகவே மாறும். இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், கியர் குமிழ் கையில் நடுங்கும், பானெட் மூக்கு லேசாகத் தூக்கும். "முக்குதா? அதான் ஹாஃப் கிளட்ச். அங்கயே நில்லு." நாலு வகுப்பு இதே வேலைதான். பின் சீட்டில் முறைக்குக் காத்திருந்த காலேஜ் பையன் கொட்டாவி விட்டான்.

எட்டாவது வகுப்பில் ரோடு. மன்னார்புரம், அரிஸ்டோ என்று ஓட்டித் திரும்பினேன். ஒரு பிசகு இல்லை. வீட்டில் வந்து அளந்து தள்ளிவிட்டேன்.

அடுத்த வகுப்பில்தான் அது கண்ணில் பட்டது. முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது, வண்டி அழகாக வேகம் குறைந்து நின்றது. என் கால் பிரேக்கிலேயே இல்லை. குனிந்து பார்த்தேன். அவர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கும் என்பது தெரிந்ததுதான். அதில் அவர் கால் இவ்வளவு நேரம் வேலை பார்த்துக்கொண்டே இருந்தது தெரியாது. முந்தின வகுப்பில் மன்னார்புரம் வரை போய் வந்தது நானா, அவரா?

கோபம் வந்தது, அதைவிட வெட்கம். "அண்ணே, கால எடுத்துடுங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டை இன்னும் பின்னால் தள்ளி, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெல்ட் போட்டபடியே, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி. "இப்ப ஓட்டு."

அன்றைக்கு ஏழு தடவை வண்டியை அணைத்தேன். அரிஸ்டோ மேம்பாலத்தில் மேலே ரவுண்டானாவுக்கு ஏறும் இடத்தில் நெரிசல், மேட்டில் நின்றாயிற்று. பின்னால் பஸ். காலைக் கொஞ்சம் எடுத்தேன், வண்டி பின்னால் நகர்ந்தது. ஹாரன் காதைக் கிழித்தது, முழங்கால் தனியாக ஆடியது. அவர் காலை இறக்கவில்லை. "அவன் அடிச்சிட்டுப் போறான். ஹேண்ட்பிரேக்க இழு. சத்தம் கேளு." இழுத்தேன். சத்தம் இறங்கியது, மூக்கு தூக்கியது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை விட்டேன். ஏறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துப் பாதியை ஒடித்து டேஷ்போர்டில் வைத்தார்.

அதனால் இங்கே சேர்ந்தால் ரோடுக்கு வந்த இரண்டாம் நாளே காலை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாக எடுக்க மாட்டார்கள். வண்டியில் கீறல் விழுந்தால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

குறைகள். அரை மணி நேரம் என்பது இருபது நிமிஷம்தான். ஒரே வண்டியில் நாலு பேரை ஏற்றி, ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு அடுத்தவரை ஏற்றுவதற்குள் நேரம் போய்விடும். காலை ஆறரை பேட்ச்சில் ஆள் குறைவு, அதைக் கேளுங்கள். பில் கேட்டேன், கடைசிவரை வரவில்லை. டிரைவர் சீட்டை முன்னால் இழுக்கும் லீவர் இறுகிப் போயிருந்தது. ஐந்தடி உயரம் உள்ள நான் முதுகுக்குத் தலையணை கொண்டுபோனேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அந்த டீசல் வண்டி. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது, வண்டி எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜினுக்கு இழுவை அதிகம், ஆக்சிலரேட்டர் கொடுக்காமலே கிளட்ச்சை விட்டால் ஊர்ந்து போகும். அந்தப் பழக்கத்தில் வீட்டுப் பெட்ரோல் வேகன்ஆரை எடுத்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை அணைந்தது. சொந்த வண்டியில் பழக ஐந்து வகுப்புக்கு 2,500 தனியாம். அதை முதலிலேயே பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் முதல் தடவையிலேயே முடிந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய் இருட்டிய பிறகு திரும்பி வருகிறோம். வீட்டுக்காரர் இடது பக்கம். எதிரே பஸ் வந்தால் அவர் வலது கால் ஃப்ளோர் மேட்டை அழுத்துகிறது. அங்கே பிரேக் கிடையாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். மேட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது.