கேன்டர்பரியில் வீடு: மதிலுக்குள்ளா, மதிலை ஒட்டியா, கடலோரமா?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கேன்டர்பரி சின்ன ஊர். பேராலயத்தைச் சுற்றிய மதில் நகரத்தை நிதானமாகவே நடந்து கடந்துவிடலாம். அதை நம்பி, எங்கே எடுத்தாலும் எல்லாம் பக்கம்தான் என்று வீடு பிடித்தால் பிறகு கஷ்டம். ஊருக்கு இரண்டு ரயில் நிலையங்கள்: கேன்டர்பரி வெஸ்ட், கேன்டர்பரி ஈஸ்ட். இரண்டும் வெவ்வேறு பாதைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். பல்கலைக்கழகம் வடக்கே குன்றின் மேல், மருத்துவமனை தெற்கே. காரில் போனால் மதிலைச் சுற்றிய வட்டச் சாலையில்தான் நெரிசலோடு ஊர்ந்தாக வேண்டும். அதனால் தினமும் போகவேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து ரயில் நிலையம். வீட்டைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வெஸ்ட் நிலையமே பொருத்தம். அதிவேக ரயில் ஆஷ்ஃபோர்டு வழியாக ஒரு மணி நேரத்துக்குள் லண்டனின் செயின்ட் பேன்க்ராஸ் நிலையத்தில் இறக்கிவிடும். ஈஸ்ட் நிலையத்திலிருந்து லண்டனின் விக்டோரியா நிலையத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதிவேக ரயிலுக்குக் கட்டணம் கூடுதல்; குறைந்த விலை சீசன் டிக்கெட் அதில் செல்லாது. வீட்டு வாடகையோடு இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

மதிலுக்குள்

பேலஸ் தெரு, நார்த்கேட், வெஸ்ட்கேட் பக்கத்துச் சந்துகள் ஆகியவற்றில் பழைய வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. 1942 ஜூன் மாத விமானத் தாக்குதலில் செயின்ட் ஜார்ஜ் தெருவைச் சுற்றிய கிழக்குப் பகுதி அழிந்துபோனது. அங்கே இன்று இருப்பவை போருக்குப் பிந்தைய கட்டடங்கள். மதிலுக்குள் என்ற ஒரே சொல்லின் கீழ் இந்த இரண்டுமே விளம்பரத்துக்கு வரும். பராமரிப்பில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய வீட்டின் முகப்பு செங்கல் சுவர்போலத் தெரியும். தட்டிப் பார்த்தால், மரச்சட்டத்தின் மேல் பொருத்திய, செங்கல் வடிவிலான ஓடுகளாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட வீடுகள் சுண்ணாம்புக் காரையால் சுவாசிப்பவை. இடையில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்; மரச்சட்டம் அடியிலிருந்து உளுத்துப்போகும். புதிதாக வெள்ளையடித்த கீழ்ச்சுவர், மூடிய அறையின் பூஞ்சை வாடை, சன்னலருகே மிருதுவான மரம் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். வாங்குபவர்கள் கட்டட ஆய்வில் மிக விரிவான மூன்றாம் நிலையையே (லெவல் 3) கேட்கவேண்டும். இந்த வீடுகளுக்கு இரண்டாம் நிலை போதாது.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் இன்னொரு வலையும் உண்டு. முந்தைய உரிமையாளர் அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் சன்னல் மாட்டியிருந்தாலும், அதைக் கழற்றச் சொல்லும் அமலாக்க அறிவிப்பு இன்றைய உரிமையாளருக்கே வரும். ஒவ்வொரு மாற்றத்துக்குமான அனுமதிக் கடிதத்தை வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடிச் சன்னலில் குளிர் தாங்காது. உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்துவதே பெரும்பாலும் நடைமுறைக்கு ஏற்ற வழி.

ஸ்டூர் ஆற்றை ஒட்டிய பழைய தோல் பதனிடும் ஆலை வளாகத்தில் புதிய அடுக்கு வீடுகள் உள்ளன. அங்கே ஈரத் தொல்லை குறைவு. அடுக்கு வீடு எதுவானாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் மீதமுள்ள குத்தகைக் காலத்தையும் (லீஸ்ஹோல்டு வீட்டை வாங்குபவருக்கு அது எத்தனை ஆண்டுக்குச் சொந்தம் என்பதை) பாருங்கள். குத்தகை 80 ஆண்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நீட்டிக்கும் செலவு கூடும், வங்கிக் கடனும் இழுபறியாகும். கார் வைத்திருப்பவர்களுக்கு மதிலுக்குள் குடியிருப்பதைப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

மதிலை ஒட்டி: வடமேற்கும் தென்மேற்கும்

செயின்ட் டன்ஸ்டன்ஸ் ஒரு பக்கம், விஞ்சீப்பும் மார்ட்டர்ஸ் ஃபீல்டும் இன்னொரு பக்கம். இரண்டிலும் நிறைய இருப்பவை பக்கச்சுவரைப் பகிரும் வரிசை வீடுகள்தான். செயின்ட் டன்ஸ்டன்ஸில் வெஸ்ட் நிலையம் கூப்பிடு தூரம். அங்கே சாலையை ரயில் கடக்கும் கேட் அடிக்கடி மூடும். நடப்பவருக்கு அது தொல்லையில்லை, பிள்ளையைக் காரில் பள்ளிக்குக் கொண்டுபோகிறவருக்குத் தினசரித் தலைவலி. விஞ்சீப்பிலிருந்து ஈஸ்ட் நிலையம் பக்கம், விலையும் சற்று இறங்கும். ஆனால் ஆஷ்ஃபோர்டு சாலையின் போக்குவரத்து முழுவதும் அதன் நடுவே ஓடுகிறது. பிரதான சாலையைப் பார்த்த வீட்டை விட்டுவிட்டு, பின்தெருவில் தேடுங்கள். காலை எட்டு மணிக்கு ஒருமுறை போய் நின்று பார்த்தால் ஏன் என்று புரியும். லண்டன் வேலை இருந்தால் செயின்ட் டன்ஸ்டன்ஸுக்குக் கூடுதல் வாடகை தருவது தகும்; இல்லையென்றால் விஞ்சீப்பின் பின்தெருவே எங்கள் தேர்வு.

வடக்கே ஹேல்ஸ் பிளேஸ், செயின்ட் ஸ்டீஃபன்ஸ் பகுதிகள் மாணவர் குடியிருப்பு. கென்ட் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம், ஏற்றம்தான் மூச்சு வாங்கும். முழுநேர மாணவர்கள் மட்டுமே தங்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) கிடையாது. கணவன் மாணவர், மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் வரி கட்டவேண்டும். கணக்கில் வரும் பெரியவர் ஒருவரே என்பதால் 25 சதவீதம் தள்ளுபடி கேட்கலாம். அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வீட்டை வாங்கி, பல மாணவர்களுக்கு அறை அறையாக விடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அப்படி மாற்றுவதற்கு இங்கே திட்ட அனுமதி தேவை.

தெற்குப் பகுதி

நியூ டோவர் சாலை, ஓல்டு டோவர் சாலை, நாக்கிங்டன் சாலை. குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான், விலையும் அதற்கேற்ப. சைமன் லாங்டன் ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி இரண்டும் இந்தப் பக்கம். இவை தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள். பக்கத்தில் குடியிருப்பது மட்டும் இடம் வாங்கித் தராது. இதற்கான கென்ட் தேர்வுக்கு, பிள்ளை பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் (இயர் 5) இருக்கும்போது ஜூன் மாதத்தில் பெற்றோரே பதியவேண்டும். ஆறாம் ஆண்டின் செப்டம்பரில் தேர்வு. பள்ளி விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31 கடைசி நாள். ஜூலையில் வந்து இறங்கும் குடும்பங்கள் இந்தப் பதிவைத் தவறவிடுவது எளிது.

கென்ட் அண்டு கேன்டர்பரி மருத்துவமனையும் இங்கேதான். ஆனால் அதில் முழுமையான அவசரப் பிரிவு இல்லை, பிரசவமும் கிடையாது. இரண்டுக்கும் ஆஷ்ஃபோர்டு அல்லது மார்கேட் போகவேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கார் இல்லையென்றால் இதை யோசித்தே முடிவெடுங்கள். செவிலியர் வேலைக்கு வருபவர்களும் பணியிடம் இந்த மூன்று ஊர்களில் எது என்று எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அந்த அட்வான்ஸ், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம்.

கிராமங்கள்

பிரிட்ஜ் என்ற கிராமம் அழகான ஊர், ஆனால் ரயில் நிலையம் இல்லை. அதன் வழியே போகும் நெயில்போர்ன் என்ற ஓடை பல வருடம் வறண்டு கிடக்கும். மழை மிகுந்த குளிர்காலத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் நீர்மட்டம் உயர்ந்து ஓடத் தொடங்கும். 2014 தொடக்கத்தில் அதன் கரையோர ஊர்கள் அவதிப்பட்டன. இது நிலத்தடி நீர். தரைக்கு அடியிலிருந்து ஏறுவதால் வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை. ஆற்று வெள்ள வரைபடத்தோடு நிலத்தடி நீர் அபாயத்தையும் தனியாகக் கேளுங்கள். கோடையில் வீடு பார்த்தால் ஓடை இருக்கும் தடமே கண்ணில் படாது.

ஸ்டர்ரிக்கும் சார்ட்டத்துக்கும் நிலையம் உண்டு. ஸ்டர்ரியின் ரயில்வே கேட், பிரதான சாலையையே நிறுத்தி வைக்கும்.

கடலோரமும் ஃபேவர்ஷமும்

விட்ஸ்டபிளிலிருந்து கேன்டர்பரிக்கு நேரடி ரயில் இல்லை, ஃபேவர்ஷத்தில் மாறவேண்டும். இரண்டு ஊரையும் இணைத்து 1830இல் திறந்த பழைய ரயில் பாதை எப்போதோ மூடப்பட்டு, அதன் தடத்தை ஒட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது. காட்டு வழி, குளிர்காலத்தில் இருட்டும் சேறும். அதனால் தினசரிக்குப் பேருந்துதான், அரை மணி நேரத்துக்கு மேல் கணக்கு வையுங்கள். துறைமுகத்தை ஒட்டிய தாழ்வான தெருக்களில் 1953இல் கடல் புகுந்தது. மேட்டில் இருக்கும் டேங்கர்டன் பகுதி பாதுகாப்பானது. அங்கே களிமண் தரை, வெடிப்பு விழுந்த சுவர்களைப் பொறியாளரிடம் காட்டவேண்டும். வெள்ளக் காப்பீட்டுக்கு உதவும் ஃபிளட் ரீ திட்டம் 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மட்டும். புது வீடு பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே தலைகீழாகும். விலை முக்கியம் என்றால் அடுத்த கடலோர ஊரான ஹெர்ன் பே பாருங்கள்.

கணவன் மனைவியில் ஒருவர் லண்டனிலும் மற்றவர் கேன்டர்பரியிலும் வேலை செய்தால், ஃபேவர்ஷம் இந்த எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. பல பாதைகள் சந்திக்கும் ஊர்; ஈஸ்ட் நிலையத்துக்கு கால் மணி நேரம், லண்டனுக்கு அதிவேக ரயிலும் உண்டு. அது ஸ்வேல் கவுன்சிலின் கீழ் வருவதால் கவுன்சில் டாக்ஸையும் வாகன நிறுத்த அனுமதியையும் அங்கேதான் விசாரிக்கவேண்டும்.