குளிசையா, கதைச்சுத் தீர்க்கிறதா? மனச்சோர்வுக்கு எது, எப்போது

"யோசனை கூடிப்போச்சு, நித்திரை இல்ல, ஒரே தலையிடி." மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மனச்சோர்வு இந்தப் பேரில்தான் ஓபிடிக்கு வருகிறது. பரசிட்டமோலும் சத்துக் குளிசையும் வாங்கிக்கொண்டு திரும்பியும் போகிறது. இரண்டு கிழமைக்கு மேலாக அனேகமான நாட்களில் மனம் விழுந்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், நித்திரை, பசி, வேலை எல்லாம் குழம்பியிருந்தால் வைத்தியரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். தைரோயிட் குறைவும் இரத்தச்சோகையும் இதே கோலத்தில் வரும் என்பதால் அந்த இரண்டு இரத்தப் பரிசோதனையையும் முதலில் செய்துவிடுவது நல்லது.

எதைத் தொடங்குவது என்பதை நோயின் கடுமைதான் தீர்மானிக்கும். பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் மொத்தப் புள்ளி 27. ஐந்து முதல் ஒன்பது வரை இலேசானது. அதற்குக் குளிசை தேவைப்படுவது குறைவு, கதைத்துச் செய்யும் சிகிச்சையே முதலில் வரலாம். பத்திலிருந்து பத்தொன்பது வரை இரண்டில் எதுவும் பொருந்தும். இருபதும் அதற்கு மேலும் என்றால், அல்லது சாப்பாட்டையே விட்டுவிட்டால், குளிசையைத் தள்ளிப்போடக் கூடாது. உளவளத்துணை, அதாவது கதைத்துச் செய்யும் சிகிச்சை, கூடவே வரட்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

குளிசை என்றால் பெரும்பாலும் புளுஒக்செட்டின் 20 மில்லிகிராம் காலையில் ஒன்று, அல்லது செர்ட்ரலின் 25இல் தொடங்கி 50. அரச கிளினிக்கில் இவை இலவசம். இருப்பு முடிந்தால் வெளியே பாமசியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். ஆட்கள் தவறவிடும் இடம் முதல் இரண்டு கிழமை. குமட்டல், தலையிடி, படபடப்பு உடனே வரும். மனம் தெளிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். கெடுதல் முதலில், நன்மை பிறகு. அதனால்தான் பத்தாம் நாளில் "இது எனக்கு ஒத்துவரல்ல" என்று பெட்டி அலுமாரிக்குள் போய்விடுகிறது. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் இந்த ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். குளிசைகளை வேறொருவர் கையில் வைத்து நாளுக்கு நாள் கொடுப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகைக் குளிசை என்றால் கட்டாயம், அளவு மீறினால் இதயத்தையே தாக்கும். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கத்தில் சொல்லாமலே பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். சொன்னால் வைத்தியர் மருந்தை மாற்றித் தரலாம். இடுப்பு நோவுக்கு டைக்ளோபினாக் அடிக்கடி எடுப்பவரும் அதைச் சொல்லவேண்டும், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் செலவும் இருந்ததா என்பதும் முக்கியம். அது இருதுருவக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்; அப்படியானவருக்கு இந்தக் குளிசையை மட்டும் கொடுத்தால் மனநிலை மறுபக்கம் எகிறக்கூடும்.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் மருந்தையே நிறுத்திவிடுவதைக் காணலாம். நிறுத்த அவசியமில்லை, நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் குளிசையை ஸஹருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று வைத்தியரிடம் கேட்டால் போதும்.

உளவளத்துணை என்று சொல்லி ஆறுதலும் புத்திமதியும் மட்டும் கிடைத்தால் அது சிகிச்சை இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (சி.பி.டி.) கிழமைக்கு ஒரு அமர்வு, 45 நிமிடமளவில், எட்டிலிருந்து பதினாறு அமர்வுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் வீட்டுவேலை. கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: "திங்கள் காலை 7, மல்லிகைக்குத் தண்ணி ஊத்துறது, 10 நிமிஷம். செய்ய முன் மனசு 2, செய்த பிறகு 4." மனம் வந்த பிறகு செய்வோம் என்று படுத்துக் கிடப்பதைத் திருப்பிப்போடுவதுதான் இதன் வேலை. சிறிய காரியத்தில் தொடங்க வேண்டும்; முதல் கிழமையே வளவு முழுக்கக் கூட்டச் சொன்னால் மூன்றாம் நாள் தோற்றுப்போகும்.

இதன் பெரிய அனுகூலம், முடிந்த பிறகும் பலன் நிற்பது. குளிசையின் பாதுகாப்பு எடுக்கும் வரைக்கும்தான். பிரதிகூலம் தூரம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து கிழமைக்கொருக்கா மட்டக்களப்புக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். அந்த நிலையில் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ, பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர் இருக்கிறாரா என்பதையோ விசாரிக்கலாம். சின்ன ஊரில் அவர் தெரிந்த மாமியாகவும் இருந்துவிடக்கூடும். பக்கத்துப் பிரிவில் வேறொருவரைக் கேட்பதில் பிழையில்லை. சாராயம் நாள்தோறும் ஓடுகிறதென்றால் இரண்டுமே ஏறாது, அதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும்.

எதை எடுத்தாலும் அளவுகோல் வேண்டும். சரியான அளவில் நான்கு கிழமை குளிசை எடுத்தும், அல்லது ஆறு அமர்வு போயும் பி.எச்.கியூ-9 புள்ளி இறங்கவில்லையென்றால் அளவைக் கூட்டவோ, மருந்தை மாற்றவோ, இரண்டையும் சேர்க்கவோ கேட்கலாம். சுகம் வந்த அன்றைக்கு நிறுத்தக் கூடாது. அதன்பின் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இறக்குவதும் படிப்படியாக, வைத்தியர் சொல்லி, நாலு கிழமைக்குக் குறையாமல். செர்ட்ரலினைச் சடுதியாக விட்டால் தலை சுற்றும், கரண்ட் அடித்தமாதிரி தலைக்குள் விறுக்கென்று இழுக்கும். அதை நோய் திரும்பிவிட்டதென்று எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். நோய் திரும்புவது கிழமைக்கணக்கில் மெல்ல மெல்ல. இதுவோ இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும், பழைய அளவை எடுத்தால் அடங்கும்.