ஒன்பது நிமிடச் சூரியோதயம்: டியோடாட்டோவின் ‘ஸரதுஸ்ட்ரா’

பிரேசில் நாட்டவரான எயுமிர் டியோடாட்டோ 1972ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒலிப்பதிவு செய்து, மறு ஆண்டில் சி.ரீ.ஐ. நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட ‘பிரிலூட்’ என்னும் இசைத்தட்டை இன்றும் தேடிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் முதல் உருப்படிக்காகவே கேட்கிறார்கள். ஜேர்மனிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் 1896இல் எழுதிய ‘ஆல்ஸோ ஷ்ப்ராக் ஸரதுஸ்ட்ரா’ என்ற பெருவாத்தியக்குழு இசையின் தொடக்கத்தை எடுத்து, ஜாஸும் ஆட்டத் தாள இசையான ஃபங்க்கும் கலந்த நடையில் பாட்டு வரி ஏதுமின்றி வாத்தியங்களால் மட்டுமே வாசித்த ஏறத்தாழ ஒன்பது நிமிட உருப்படி அது. அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறி, சிறந்த வாத்திய இசைக்கான கிராமி விருதையும் பெற்றது.

மூலத்தை முழுமையாக வாசிக்க அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். டியோடாட்டோ கையில் எடுத்தது அதில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான சூரியோதயப் பகுதியை மட்டுமே. 1968இல் ஸ்டான்லி கியூப்ரிக் தமது விண்வெளித் திரைப்படத்தில் பயன்படுத்தியதால் உலகமெங்கும் தெரிந்துபோன அதே பகுதிதான். கர்நாடக இசை கேட்டுப் பழகிய நம் காதுக்கு அதன் அமைப்பு விளங்காத ஒன்றல்ல. அடியில் ஆதார சட்ஜம் ஒன்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அதன் மேல் ட்ரம்பெட்டுகள் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று மூன்று ஸ்வரங்களை நிதானமாக ஏறுகின்றன. உடனே முழுக் குழுவும் சேர்ந்து அந்தர காந்தாரத்தை ஒலித்து, அடுத்த கணமே சாதாரண காந்தாரத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் முறை அந்த வரிசை தலைகீழாகிறது. ஒளியா இருளா என்று தீராத இந்த இழுபறியை மூன்றாம் முறையில் ஓர்கனும் சேர்ந்து முழங்கித் தீர்த்துவைக்கிறது.

டியோடாட்டோ செய்த மாற்றம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஸ்ட்ராவுஸிடம் மூன்று ஸ்வரங்களுக்குப் பின் வரும் காத்திருப்பு ஒரு மூச்சளவுதான். டியோடாட்டோவோ அந்தக் காத்திருப்பையே உருப்படியாக்கிவிட்டார். மெட்டு வருவதற்கு முன்னரே டிரம்ஸும் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியமான பாஸும் கொங்கோ என்னும் கைமேளமும் நான்கு தட்டு நடையொன்றை நிலைநிறுத்திவிடுகின்றன. பித்தளை வாத்தியங்கள் மெட்டை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, அதன் பின் பல நிமிடங்களுக்கு டியோடாட்டோவின் மின் பியானோ கற்பனை ஸ்வரம் பாடுவது போல அலைகிறது. மீண்டும் மெட்டு வருகிறது. மீண்டும் அதே நடையின் மேல் ஜோன் ட்ரோப்பியாவின் கிற்றார் தன் பங்குக்குப் பேசத் தொடங்குகிறது. இடையில் வந்துபோகும் மெட்டு வாசற்படி மட்டுமே. நாம் நடமாடும் இடம் அந்தத் தாளம்தான்.

வாசித்தவர்களின் பெயர்ப்பட்டியலே பாதி விமர்சனத்தைச் சொல்லிவிடும். டிரம்ஸில் பில்லி கொபம், தாள வாத்தியங்களில் டியோடாட்டோவின் நாட்டவரான அயர்ட்டோ மொரெய்ரா, கொங்கோவில் ரே பரெட்டோ, பாஸில் ரொன் கார்ட்டரும் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸ்டான்லி கிளார்க்கும் இடம்பெற்றிருக்கிறார்கள். திருகோணமலையில் கோயில் திருவிழாக்களுக்குத் தவில் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். மெட்டு எங்கிருந்து வந்தது என்று நான் விளக்கத் தொடங்கியதும் கையை அமர்த்தி, “மெட்டை விடுங்கோ அண்ணை, அந்த மேளக்காரனைக் கேளுங்கோ” என்றார். அவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன்: கிற்றார் உச்சத்துக்கு ஏறும்போது கொபம் தாளத்தின் வேகத்தைக் கூட்டவேயில்லை, தட்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைச் சின்னச் சின்ன உருட்டுகளால் நிரப்பி, வேகம் கூடியது போன்ற மயக்கத்தை உண்டாக்குகிறார். பெரிய மேளக் கச்சேரிகளில் நாம் கண்டு கைதட்டும் அதே கெட்டித்தனம் இது.

குறைகளும் உண்டு. மூலத்தில் ஓர்கன் தரும் பாரத்துக்கு ஈடாக இதில் எதுவும் இல்லை. ஒலிப்பதிவின் துப்புரவைக் குறை சொல்ல இடமில்லை. நியூ ஜேர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் கலையகத்தில் பதிவானது ஆகையால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அந்தத் துப்புரவே பித்தளை வாத்தியங்களைச் சற்று மெலிந்தவையாகக் காட்டிவிடுகிறது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் திறந்த மைதானத்தில் பாண்ட் வாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மெட்டு முதன்முறை வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் முழக்கம் இருந்திருக்கலாமே என்று தோன்றும். காந்தாரங்களின் அந்த இழுபறியும் ஃபங்க் நடையின் உற்சாகத்தில் கரைந்துபோகிறது. ஸ்ட்ராவுஸின் சூரியோதயத்தில் உள்ள அச்சத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டியதில்லை. மின் பியானோப் பகுதி ஓரிரு இடங்களில் சொன்னதையே சொல்கிறது என்பதும் என் எண்ணம். கிற்றார் பகுதியில் அப்படி ஒரு சொட்டு வீணில்லை.

இதே தட்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 1894ஆம் ஆண்டு ‘ஃபோன்’ (ஆட்டுக்கால் கொண்ட வனதேவன்) முன்னிசையையும் டியோடாட்டோ மாற்றியமைத்திருக்கிறார். ஹியூபர்ட் லோஸின் புல்லாங்குழல் அழகாகவே இருக்கிறது. ஆயினும், தாளத்தில் அடைபடாமல் மிதப்பதையே உயிராகக் கொண்ட இசைக்கு நிலையான நடை கொடுத்ததால் அதன் மயக்கம் போய்விட்டது. ‘ஸரதுஸ்ட்ரா’வில் வெற்றி தந்த அதே உத்தி இங்கே காலை வாரிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கேட்க விரும்புவோருக்கு இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும். முதலாவது, வானொலிக்காக ஏறக்குறைய ஐந்து நிமிடமாக வெட்டிய சிறு பதிப்பும் இணையத்தில் உலவுகிறது. உப்புவெளிக் கடற்கரை விடுதிகளில் பின்னணி இசையாக ஓடவிடுவதற்கு அது போதும், ஆனால் தனிவாசிப்புகளைக் குறைத்துவிட்ட பிறகு இந்த உருப்படியில் மிஞ்சுவது விளம்பர இசை அளவுக்கே. நீளத்தைப் பார்த்து முழுப் பதிப்பையே தெரிவு செய்யுங்கள். இரண்டாவது, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பாஸ் ஏறக்குறைய மறைந்துவிடும், அது மறைந்தால் நடையே குலைந்துவிடும். ஆகவே சுமாரான இயர்போன் ஒன்றாவது வேண்டும். வீட்டில் பழைய பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் ஸ்ட்ராவுஸின் தொடக்கத்தை இசை நடத்துநர் கரயான் வியன்னாக் குழுவை நடத்திய 1959ஆம் ஆண்டுப் பதிவில் ஒருமுறை கேட்டுவிட்டு, உடனே இதைப் போடுங்கள்.