ஒரே களி, இரு வேறு மண்: மலைக்காட்டில் நீர் வடியும் செங்களியும் நீர் தேங்கும் சாம்பல் களியும்

வெப்பமண்டல மலைக்காடு ஒன்றின் சரிவிலிருந்து ஒரு பிடி மண்ணையும், சில பத்து மீட்டர் கீழே உள்ள தாழ்விலிருந்து மற்றொரு பிடி மண்ணையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், இரண்டுமே ‘களிமண்’ என்றுதான் அறிக்கை வரக்கூடும். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயர் பொருந்திவிடும். ஆயினும் அவற்றுள் ஒன்று மழை ஓய்ந்த சில மணி நேரத்தில் மீண்டும் காற்றை உள்வாங்கத் தொடங்குகிறது; மற்றொன்று ஆண்டின் பெரும்பகுதி நீரில் ஊறிக் கிடக்கிறது. மலைக்காட்டை மீட்டெடுக்க முனைவோர் இந்த இரண்டையும் ஒரே மண்ணாகக் கருதி ஒரே வகைக் கன்றுகளை நடுவதே பல முயற்சிகள் தோற்பதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரிவில் உள்ள செங்களியை முதலில் பார்ப்போம். நெடுங்காலம் மழையில் கரைந்து, சிலிக்காவையும் சுண்ணாம்புச் சத்தையும் இழந்த இந்த மண்ணில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கேயோலினைட் என்னும் களிக்கனிமமும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளுமே. இந்த ஆக்சைடுகள் பசைபோலச் செயல்பட்டு நுண்ணிய களித்துகள்களைச் சிறு மணிகளாகத் திரட்டிவிடுவதால், பாதிக்கு மேல் களியாக உள்ள மண்கூட நீரைப் பொறுத்தவரை மணலைப் போலவே நடந்துகொள்கிறது. ஈர மண்ணை விரல்களுக்கிடையே தேய்க்கும்போது தொடக்கத்தில் மணல்போல நறநறத்து, அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் பிசுபிசுப்பாக மாறுவதை நாமே உணரலாம். அம்மணிகளுக்கு இடையே உள்ள பெரிய துளைகள் வழியாக மழைநீர் இறங்கிவிட, காற்று அதன் இடத்தை நிரப்புகிறது.

தாழ்வில் உள்ள களிக்கு இந்த வாய்ப்பு இல்லை. மேட்டிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவும் காரச் சத்துகளும் அங்கே தங்குவதால், ஈரத்தில் உப்பி உலர்ந்தால் வெடிக்கும் ஸ்மெக்டைட் வகைக் களி உருவாக இடமுண்டு. திரட்டிப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடும் கரைந்து போவதால் மணிகள் குலைந்து, துளைகள் அடைபட்டு, மண் ஒரே பிண்டமாகிறது. துளைகளின் மொத்தக் கொள்ளளவு மண்ணின் பருமனில் பாதியாகவே இருந்தாலும், அத்துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீர் தேங்கும் மண் பள்ளத்தில் மட்டுமே இருக்கும் என்பதில்லை. எப்போதும் மேகம் மூடிய முகடுகளிலும், இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட சேணம் போன்ற சமதளங்களிலும், நீர் ஆவியாவது குறைவு, மழையோ ஓயாது. அங்கே நீர்மட்டம் ஆழத்தில் இருந்தபோதும், அடியிலுள்ள இறுகிய களிப்படுகைமீது மழைநீர் தொங்கி நிற்கும்.

இந்த இரு வகைத் தேக்கத்தையும் பிரித்தறிய நிறத்தைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. காற்றுள்ள மண்ணில் இரும்பு, ஹேமடைட், கோதைட் என்னும் துருக்கனிமங்களாக இருந்து சிவப்பையும் மஞ்சளையும் தருகிறது. காற்று அற்றுப்போனதும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பையே மூச்சுக்குப் பயன்படுத்த, அது கரையும் வடிவத்துக்கு மாறி இடம்பெயர்கிறது. எஞ்சிய களி சாம்பலாகவோ நீலப்பச்சையாகவோ தெரிகிறது. மண்கட்டி ஒன்றைக் கையால் பிளந்து பாருங்கள். வெளிமுகமும் வேர்த்தடமும் துருச்சிவப்பாக, உள்ளே சாம்பலாக இருந்தால், நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி நிற்கிறது, காற்று வேர்த்தடங்கள் வழியாக மட்டும் எட்டிப்பார்க்கிறது என்று பொருள். உலக மண் வகைப்பாட்டில் இது கிளேசால். மாறாக வெளிமுகம் வெளிறி, உட்பகுதி துருநிறமாக இருந்தால், மழைநீர் மேலிருந்து இறங்கி விரிசல்களில் தேங்குகிறது, கட்டியின் உள்ளே காற்று சிறைப்பட்டிருக்கிறது, இது ஸ்டாக்னோசால். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எண்ணால் குறிக்க உதவும் முன்செல் வண்ண அட்டையில் நிறச்செறிவு 2 அல்லது அதற்குக் குறைவாகவும், ஒளிர்வு 4 அல்லது அதற்கு மேலாகவும் உள்ள பகுதிகளை இரும்பு வெளியேறிய இடங்களாகக் கொள்வது வழக்கம்.

வேறுபாட்டின் வேர் ஆக்சிஜனில் இருக்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. காற்றுள்ள துளைகள் மண்ணின் பருமனில் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான மரங்களின் வேர்கள் திணறுகின்றன. வெதுவெதுப்பும் இலைமட்கும் நிறைந்த களியில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோக, நுண்ணுயிர்கள் அடுத்து நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசையும் இரும்பையும், சல்பேட்டையும், இறுதியில் மீத்தேன் உருவாகும் வழியையும் நாடுகின்றன. புதிதாக வெட்டிய குழியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் மண் சல்பேட் கட்டத்தை எட்டிவிட்டது என்று அறியலாம்.

சத்துகளைப் பொறுத்தவரை செங்களியே எப்போதும் மேலானது என்று எண்ணுவது தவறு. அதன் இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பரசை இறுகப் பற்றி வேருக்குத் தர மறுக்கின்றன. அமிலத்தன்மையோ அலுமினிய நஞ்சுக்கு வழிவிடுகிறது. நீர் தேங்கிய களியில் இரும்பு கரையும்போது அதனுடன் பிணைந்த பாஸ்பரசும் விடுபடுகிறது, இரும்பு ஒடுக்கமடையும் வினை அமிலத்தை உண்பதால் மண் நடுநிலையை நோக்கி நகர்கிறது. விலையாகக் கொடுப்பது நைட்ரஜன்: நைட்ரேட் வாயுவாக மாறி வெளியேறிவிடுகிறது, கரைந்த இரும்பும் மாங்கனீசும் மிகுந்து வேர்களுக்கு நஞ்சாகின்றன.

மரங்கள் இந்த எல்லையை நம்மைவிட நன்றாக அறிந்தவை. கரீபியத் தீவான போர்ட்டோ ரிகோவின் லுக்கியோ மலைகள் 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும் உயரமுள்ளவை. அங்கே தபோனுக்கோ மரம் நீர் வடியும் முகட்டு மண்ணில் செழிக்க, ஈரமான ஓடைத் தாழ்வுகளில் சியரா பனை ஆட்சி செய்கிறது. உயரம் கூடக் கூட மண்ணில் ஆக்சிஜன் குறைவதும் அங்கே அளந்தறியப்பட்ட உண்மை. நீர் தேங்கும் களியில் நிலைத்து நிற்கும் தாவரங்கள் காற்றை உள்ளே கடத்தும் காற்றறைத் திசு கொண்ட வேர்களையும், தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் புதிய வேர்களையும் நம்பியே வாழ்கின்றன. ஆழத்தில் மூச்சு இல்லாததால் வேர்கள் மேல்மட்டத்திலேயே தட்டுப்போலப் பரவும். புயலில் அத்தகைய மரம் விழும்போது வேர்த்தட்டு முழுவதுமாகப் பெயர்ந்து, சாம்பல் களியைப் புரட்டிக் காட்டும்.

கரிமத்தைப் பேணுவதில் தேக்கக் களிக்கே முன்னுரிமை தர வேண்டும், ஏனெனில் மட்கு அங்கே மெதுவாகச் சிதைகிறது. அதே மண் மீத்தேனை வெளிவிடுகிறது, காற்றுள்ள சரிவு மண்ணோ அதை வளிமண்டலத்திலிருந்து உறிஞ்சுகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆனாலும் ‘பயனற்ற சதுப்பு’ என்று சொல்லி வாய்க்கால் வெட்டி அதை வடியவைக்கும் பழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். காற்று புகுந்தால் நெடுங்காலம் சேர்ந்த மட்கு எரிவது போலக் கரைந்து போகும். அங்கே அந்த ஈரத்துக்குப் பழகிய உள்ளூர் மரங்களையே நட வேண்டும், சரிவு இனங்களைத் திணிக்கக் கூடாது.

நடும் முன் குழி தோண்டும் பருவமும் முக்கியம். வறண்ட மாதத்தில் தோண்டியவர்கள் ஈரமில்லாததைக் கண்டு ‘நீர் வடிகிறது’ என்று எழுதிவிடுவதுண்டு. ஆனால் சாம்பல் திட்டும் துருப்புள்ளியும் வறட்சியிலும் அழிவதில்லை. மறுபுறம், கருமையான மட்கு நிறத்தை மறைத்துவிடக்கூடும், இரும்பு குறைந்த பாறையில் பிறந்த மண் துருவையே காட்டாது. ஐயம் வந்தால் மழைக்காலத்தில் புதிதாக எடுத்த கட்டியின்மீது டைபிரிடில் கரைசலைச் சொட்ட வேண்டும். கரைந்த இரும்பு இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றும். கரைசல் கைவசம் இல்லாவிட்டால் கட்டியைக் காற்றில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள்: தோண்டியபோது நீலச்சாம்பலாக இருந்த முகம் பழுப்பேறத் தொடங்கியிருந்தால், அந்தக் குழியில் சரிவு மரத்தின் கன்றை வைக்கக் கூடாது.